இமயத்தில் ஒரு கொடுக்காப்புளி

‘யூ மரத்துப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று வாட்ஸப்பில் வீடியோ சுற்றுகிறதாம். கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார் கேளம்பாக்கம் வாசகர் ஒருவர். கிடைத்து என்ன பயன்? நம் நாட்டில் அது இமயத்தின் குளிர்ச்சரிவுகளில் வளர்கிற மரம். உப்பளக் காற்றில் ஒரு கோடை தாங்காது. தவிர, அதில் காய்ப்பது பழமே அல்ல.

யூ, பைன் வகையறா. அந்த வகையறாவுக்குச் சூலகம் கிடையாது, அதனால் கனியும் கிடையாது. பெண் யூ மரத்தில் சூலின் அடியில் சின்னதாக ஒரு பச்சை வளையம் இருக்கும். விதை முற்றும் சமயம் அது உப்பி, மேலேறி, வாய் திறந்த சிவப்புக் கிண்ணமாகிவிடும். எட்டிப் பார்த்தால் உள்ளே விதையின் நுனி தெரியும். இந்தத் தித்திப்புச் சதைக்கு அரில் என்று பெயர்.

கோடையில் தெருவோரம் கூறு கட்டி விற்கும் கொடுக்காப்புளியை உரித்துப் பாருங்கள். விதையைக் காயோடு கட்டும் காம்பு பருத்துத்தான் அந்த வெள்ளை, இளஞ்சிவப்புச் சதை. அதுவும் அரில்தான். ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரண்டுக்கும் எப்படி ஒரே யோசனை!

விதைதான் பயணி, பறவை ஷேர் ஆட்டோ, அரில் கட்டணம். வண்டலூருக்கு ஏறியவரை எங்கே இறக்குவது என்பது டிரைவர் இஷ்டம். இறங்கும்போது எச்ச உரம் இலவசம். டிரைவர் பயணியையே கடித்துத் தின்றுவிட்டால்? கொடுக்காப்புளி வழவழப்பான கருப்புச் சட்டையை மாட்டி அனுப்புகிறது. யூ மரமோ, பயணியின் மடியில் நஞ்சைக் கட்டி அனுப்புகிறது. டாக்ஸீன் என்ற அந்த நஞ்சு இதயத் தசையின் கால்சியம், சோடியம் வாயில்களை அடைத்துத் துடிப்பைக் குலைத்துவிடும். முறிவு மருந்து கிடையாது. இலையிலும் உண்டு, தின்ற மாடும் குதிரையும் செத்திருக்கின்றன. அரிலுக்கு மட்டும் விலக்கு. விதையை மெல்லாமல் விழுங்கும் பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை. நாம் மென்று பார்க்க வேண்டாம்.

புற்றுநோய்க் கதைக்கு ஒரு பத்தி போதும். 1962-இல் அமெரிக்காவில் ஆர்தர் பார்க்லே பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்த டாக்ஸால் என்ற மருந்தின் அமைப்பு 1971-இல் வெளியானது. சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி 1992-இல். முப்பது வருட வேலை, அதுவும் பட்டையிலிருந்து. வீடியோக்காரருக்கு முப்பது விநாடி போதுமாயிருக்கிறது.

மறுபடி விதைக்கு வருவோம். அதன் மடியில் கட்டிய நஞ்சு எல்லாரிடமும் பலிப்பதும் இல்லை. ஐரோப்பாவின் கிரீன்ஃபின்ச் குருவி கட்டணத்தை வீசி எறிந்துவிட்டு, விதையின் ஓட்டை உடைத்துப் பருப்பைத்தான் தின்கிறது.