கடல்வழி வாசல்கள் – 9: ஆன்டிகுவாவின் மறைந்த துறை

குவாதலூப்பின் வடமுனையை நீங்கி, கிழக்கிலிருந்து இடையறாது வீசும் வியாபாரக் காற்றை வலப்பக்கத்தில் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ நாற்பது கடல் மைல் வடக்கே பாய் விரித்துச் செல்லும் படகுக்கு, ஆன்டிகுவாவின் தென்கரை முதலில் துவாரமே இல்லாத குன்றுச் சுவராகத்தான் காட்சியளிக்கும். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த மண் என்று மட்டுமே கிரிக்கெட் ரசிகர்கள் அறிந்திருக்கும் இத்தீவின் பிரசித்தி பெற்ற 'இங்கிலீஷ் ஹார்பர்' துறைமுகம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஷர்லி ஹைட்ஸ் குன்றை அடையாளம் வைத்து, அதன் அடிவாரத்தில் அலைகள் செதுக்கிய 'ஹெர்குலிஸ் தூண்கள்' என்னும் பாறைகளைக் கண்டு, கரையை நன்றாக நெருங்கிய பிறகே, இடப்புறம் பெர்க்லி கோட்டையின் மதிலும் அதையடுத்து நுழைவாயிலும் புலப்படும்.

இந்த மறைவையே பிரிட்டிஷ் கடற்படை பெரும் பாக்கியமாகக் கருதியது. வெப்பக் கடலில் மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைப் புழுக்கள் துளைத்துவிடும். அவற்றைச் செப்பனிட இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினாலோ, சர்க்கரை விளையும் தீவுகள் காவலின்றிப் பிரெஞ்சுக்காரர் கைக்கு எட்டிவிடும். ஆகவே, பகைவர் கண்ணுக்கும் புயலுக்கும் ஒருசேர ஒதுங்கிய இவ்விடத்தில், கப்பல்களைக் கயிறும் திருகுருளையும் கொண்டு ஒருபக்கமாகச் சாய்த்து அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் பட்டறைகளை 1720களிலேயே நிறுவத் தொடங்கினர். கட்டியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகள். பட்டறைக்கு வாய்த்த பெயரோ பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுடையது. 1784 முதல் 1787 வரை இங்கே பணிபுரிந்து, இவ்விடத்தை மனமார வெறுத்த அந்தத் தளபதி, பட்டறை தொடங்கிய காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. சரித்திரம் கூலியைப் பங்கிடும் முறை பெரும்பாலும் இப்படித்தான்.

1889இல் கடற்படை கைவிட்டுச் சென்றபின் பாழடைந்து கிடந்த இத்துறைக்கு, 1949இல் 'மொலிஹாக்' என்னும் பாய்க்கப்பலில் குடும்பத்தோடு வந்து இறங்கிய நிக்கல்சன் என்ற ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி, பணம் படைத்த பிரயாணிகளைக் கப்பலில் அழைத்துச் செல்லும் தொழிலைத் தொடங்கியதால் புது ஜீவன் வந்தது. பழுதுபார்க்கப்பட்ட கட்டடங்கள் 1961இல் திறக்கப்பட்டன. 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இவ்விடம் சேர்ந்தது.

வாயிலில் நுழையும் மாலுமி ஒன்றை மறக்கலாகாது. இந்தியத் துறைமுகங்களில் கடலிலிருந்து உள்ளே வருகையில் சிவப்பு மிதவை இடப்பக்கம் நிற்கும். அமெரிக்காக் கண்டங்களிலும் கரீபியத் தீவுகளிலுமோ வலப்பக்கம். பழக்கம் கையைத் தவறாகத் திருப்பினால் அடுத்தது பவளப்பாறைதான். மிதவையே இல்லாத இடங்களில் நீரின் நிறமே வழிகாட்டி: கருநீலமெனில் ஆழம், பச்சை கலந்த வெளிர்நீலமெனில் ஆழமற்ற மணல், பழுப்பெனில் பாறை. சூரியன் உயர்ந்து முதுகுப்புறம் இருக்கும்போதுதான் இந்த நிறபேதம் தெளியும். மாலையில் மேற்கு நோக்கிச் செல்பவனுக்குக் கடல் முழுதும் ஒரே வெள்ளித் தகடு. செயற்கைக்கோள் கருவி இருப்பிடத்தைப் பிசகாமல் சொல்லும் என்றாலும், அதன் கீழுள்ள வரைபடம் பழைய அளவையை ஆதாரமாகக் கொண்டதாயின், அந்தத் துல்லியத்தால் பயன் சொற்பமே. கருவியைக் காட்டிலும் கப்பலின் முனையில் நிற்கும் ஓர் இளைஞனின் கண்களையே நான் நம்புவேன்.

உள்ளே வந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, தலைவன் மட்டும் கரையிறங்கிக் குடிபுகல், சுங்கச் சடங்குகளை முடித்த பிறகே, அக்கொடியை இறக்கி அந்நாட்டுக் கொடியை உயர்த்துவது சம்பிரதாயம். பழைய கற்கரையில் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை; முன்னே நங்கூரம் பாய்ச்சிவிட்டுப் பின்னோக்கி நகர்ந்து, பின்புறத்தைக் கரையோடு கட்ட வேண்டும். புயற்காலத்தில் கப்பல்களைப் பிணைக்க அக்காலத்தார் இட்ட கனத்த சங்கிலிகள் அடியில் கிடப்பதால், நங்கூரம் அவற்றில் சிக்கினால் முக்குளிப்பவரைத்தான் தேட வேண்டும். மிகப் பெரிய படகுகள், ஒரு குறுகிய நிலத்துண்டுக்கு அப்பாலுள்ள விசாலமான ஃபால்மவுத் துறைக்குச் செல்கின்றன.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இந்த ஜனசந்தடியெல்லாம். ஜூனில் புயற்பருவம் பிறக்குமுன் பல படகுகள் தெற்கே ஓடிவிடும். எஞ்சியவை மேற்குக் கரையிலுள்ள ஜாலி ஹார்பர் போன்ற இடங்களில் கரையேற்றிக் கட்டப்படும். 1995இன் லூயிஸ் புயலைக் கண்டவர்கள் இதில் அலட்சியம் காட்டுவதில்லை.

வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் பார்புடா இருக்கிறது. உயரமே இல்லாத அத்தீவில், கரை கண்ணில் படுவதற்குள் பாறைகள் வந்துவிடக்கூடும் என்பதால், சூரியன் உச்சியில் இருக்கும்போது சேரும்படி விடியலிலேயே புறப்படுவார்கள். அந்த வழியை அடுத்த இதழில் பார்ப்போம்.