வெட்டும் நொதியமும் வளரும் முளையமும்

புரதத்தைப் பிளக்கும் நொதியங்களை அழிவின் கருவிகளாக மாத்திரம் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. உணவைச் சமிக்கச் செய்யும் திரிப்சின், கைமோதிரிப்சின் என்பவற்றினூடாகவே இவ்வினத்தை நாம் முதலில் அறிந்தமை இதற்குக் காரணமாகலாம். ஆயின் உயிரின் ஆக்கத்திலும் வெட்டுதலுக்கு இடமுண்டு என்பதைச் சுண்டெலியின் முளையம் தெளிவுறுத்துகின்றது.

இந்நொதியங்களின் செயல்மையத்தில் செரின், ஹிஸ்ரிடின், அஸ்பாற்றிக் அமிலம் என்னும் மூன்று அமினோவமிலங்கள் இணைந்து தொழிற்படுகின்றன. செரினின் ஒட்சிசன் புரதப் பிணைப்பைத் தாக்க, ஏனைய இரண்டும் அதற்குத் துணைநிற்கின்றன. பற்றீரியாவின் சப்திலிசின், விலங்கின் கைமோதிரிப்சினோடு கட்டமைப்பில் எவ்வித உறவும் அற்றது. எனினும் அதே மூவர் கூட்டையே கொண்டுள்ளது. ஒரே தேவை, வெவ்வேறு கூர்ப்புவழிகளில் ஒரே கருவியைத் தோற்றுவித்துள்ளது.

நிர்ப்பீடனக் கலங்களில் இவற்றின் அழிப்புப் பணி வெளிப்படையானது. கொல்லும் ரீ-கலம், வைரசு தொற்றிய கலத்தோடு ஒட்டிக்கொண்டு தன் சிறுமணிகளை வெளியேற்றும். அவற்றிலுள்ள பேர்போரின் மென்சவ்வைத் துளைக்க, கிரான்சைம்-பி உட்புகுந்து, அக்கலத்திலே முன்னரே உறைந்திருக்கும் தற்சாவு நொதியங்களை வெட்டி எழுப்பும். ஆகவே இங்கும் வெட்டு என்பது பெரும்பாலும் ஒரு கட்டளையே.

முளையத்தின் கதை அத்துணை நேரானதன்று. ஏறத்தாழ நாலாம் நாளில், சுண்டெலியின் முளையம் தன்னைச் சூழ்ந்த உறையை நீங்கிக் கருப்பைச் சுவரிற் பதிகின்றது. பதியும் வெளிக்கலங்கள் பிளாஸ்மினோசனைத் தூண்டும் செரின் நொதியத்தைச் சுரப்பது 1976இல் அறியப்பட்டது. பதிதலுக்கு அதுவே இன்றியமையாதது எனக் கொள்வதும் இயல்பாயிற்று. எனினும் 1994இல் யூரோகைனேசு என்னும் அந்நொதியம் அற்ற எலிகள் உருவாக்கப்பட்டபோது, அவை பிறந்தன, இனமும் பெருக்கின. ஓரிடத்தில் ஒரு பொருள் காணப்படுகின்றது என்பதனால் அங்கு அது தவிர்க்கவொண்ணாதது என்றாகிவிடாது. இலக்கிய ஆய்விலும் நாம் அடிக்கடி மறக்கும் உண்மை இது.

ஃபியூரின் இதற்கு மாறானது. சப்திலிசின் குடும்பத்தைச் சேர்ந்த இந்நொதியம், நீண்ட முன்வடிவிற் பிறக்கும் புரதங்களை வெட்டிச் செயலுறச் செய்வது. இதனை இழந்த சுண்டெலி முளையங்கள் ஏறத்தாழ 11ஆம் நாளில், இதயக் குழாய் சரிவர அமையாது இறக்கின்றன என 1998இல் காட்டப்பட்டது. முளையத்தின் முன்பின் அச்சை வகுக்கும் நோடல் என்னும் காரணியும், ஃபியூரினாலும் அதன் இனமான பேஸ்-4 நொதியத்தாலும் வெட்டப்படுவதே. இவ்விரு நொதியங்களையும் அயற்கலங்களே சுரக்கின்றன. முளையக் கலம் தன் திசையைத் தனித்து நின்று தீர்மானிப்பதில்லை.

முளையத்திலேயே இறக்கும் எலியைக் கொண்டு, வளர்ந்த விலங்கில் ஃபியூரினின் பணியை அறிதல் எங்ஙனம்? ரீ-கலங்களிலிருந்து மாத்திரம் அதன் பரம்பரையலகை நீக்கிய ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. அவ்வெலிகள் வளர்ந்தன, ஆனால் அவற்றின் ரீ-கலங்கள் சொந்த உடலையே தாக்கின. நிர்ப்பீடனத்தை அடக்கிவைக்கும் உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா-1 போதியளவு முதிர்ச்சியடையாமையே அதற்கு முக்கிய காரணம். இக்காரணி நோடலின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. முளையத்தில் திசை வகுத்த அதே உறவு, வளர்ந்த உடலில் அமைதி காக்கின்றது.

2020இல் கொரோனா வைரசின் முட்புரதத்தையும் ஃபியூரின் வெட்டுகின்றது என அறியப்பட்டபின், அதனைத் தடுக்கும் மருந்துகள் பற்றிய பேச்சு வலுத்தது. கருவுற்ற தாயர்க்கும் நீண்டகாலம் மருந்துண்போர்க்கும் அத்தடை எதைப் பறிக்கும் என்னும் வினாவுக்கு, மேற்கூறிய இரு எலிகளையும் நோக்காது விடையிறுத்தல் இயலாது.