‘எஞ்சின் புதுசு மாதிரி!’ என்றால் நம்பலாமா? பேரிங் முதுகைப் புரட்டிப் பாருங்கள்!

‘பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். “எஞ்சின் முழுசா வேலை பார்த்தாச்சு, புதுசு மாதிரி” என்கிறார் விற்பவர். பட்டறையில் ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் தலையில் எஸ்.டி.டி. என்றும், கிராங்கில் எம் 10, ஆர் 30 என்றும், கன்ராடு பேரிங்கின் முதுகில் 0.75 என்றும் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? வாங்கலாமா?’

வாசகர் ஒருவரின் கேள்வி இது. நெல்லில் குலைநோய் என்றால் நான்கு வரியில் பதில் எழுதிவிடுவேன். இதற்கு நான்கு வரி போதாது. நான் படித்தது வேளாண்மைதான். ஆனால், எஞ்சின் அளவுப் பாடத்தை எங்கள் கிணற்றடியிலேயே கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்று பெருக்கும், ஒன்று சிறுக்கும்

எஞ்சினில் தேய்கிற இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர். மற்றொன்று, கிராங்க். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் துளை பெரிதாகும். அதற்குப் பெரிய பிஸ்டன் வேண்டும். இதுதான் ஓவர்சைஸ். தேய்ந்த கிராங்கை அரைத்தால் அது மெலியும். அதற்கு உட்புறம் சிறுத்த, அதாவது தடிமன் கூடிய பேரிங் வேண்டும். இதுதான் அண்டர்சைஸ்.

கிராங்க் பின் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.25 அரைத்தால் 59.75 ஆகும். இதற்கான பேரிங்கின் இரண்டு பாதிகளும் ஆளுக்கு 0.125 மி.மீ. தடித்திருக்கும். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் முதுகில் எண் அடிக்கிறார்கள்.

எண்களைப் படிப்பது எப்படி?

எஸ்.டி.டி. என்றால் ஸ்டாண்டர்டு, அதாவது கம்பெனி அளவு. 0.25, 0.50, 0.75, 1.00 என்பவை மில்லிமீட்டர் கணக்கு. 010, 020, 030, 040 என்பவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பட்டறையில் ‘தௌ’ என்பார்கள். 10 தௌ என்பது 0.254 மி.மீ. ஆகவே 010-ம் 0.25-ம் ஏறத்தாழ ஒன்றே. அப்படியே 020-க்கு 0.50, 030-க்கு 0.75, 040-க்கு 1.00.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. புள்ளி அழிந்துபோய் வெறும் 50 என்று தெரிந்தால், அதை 50 தௌ என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் 0.50 மி.மீ.தான். சந்தேகம் வந்தால் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கிராங்கில் எம் என்பது மெயின் பேரிங் உட்காரும் இடம். ஆர் என்பது கன்ராடு பிடிக்கும் பின். சில பட்டறைகளில் ஆர்-க்குப் பதிலாக பி என்று அடிப்பார்கள். எஸ்.டி.டி. பிஸ்டனின் தலையில் ஏ, பி என்ற எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் கம்பெனி பிரித்த நுண் அளவு வகை. தேய்மானக் கணக்கு இல்லை.

வாசகரின் டிராக்டர் சொல்லும் கதை

இப்போது கேள்விக்கு வருவோம். பிஸ்டனில் எஸ்.டி.டி. என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. இந்த வகை எஞ்சின்களில் சிலிண்டருக்குள் லைனர் இருக்கும். மாஸி 1035 வகை மூன்று சிலிண்டர் எஞ்சினின் துளை 91.44 மி.மீ., அதாவது 3.6 அங்குலம். எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் புது லைனரும் பிஸ்டனும் போட்டால், அந்த இடம் மறுபடி ஸ்டாண்டர்டு ஆகிவிடும்.

ஆனால், கிராங்குக்கு லைனர் கிடையாது. அரைத்தது அரைத்ததுதான். எஞ்சினின் உண்மையான வயதைக் கிராங்கில்தான் பார்க்க வேண்டும்.

மெயின் 10 தௌ, பின் 30 தௌ அரைபட்டிருக்கின்றன. அந்த 30-ஐ ஒரே தடவையில் அரைத்தார்களா, மூன்று தடவையிலா என்று எண் சொல்லாது. மீதி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். அரைக்க அரைக்கக் கிராங்கின் பலமும், மேலே இருக்கும் கெட்டியான தோலும் குறையும். அதனால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் கடைசி அளவு என்று ஒன்று உண்டு. உதிரிபாகக் கடையில், ‘இந்த எஞ்சினுக்கு 1.00 கன்ராடு பேரிங் வருகிறதா?’ என்று கேளுங்கள். வருகிறது என்றால் இன்னும் ஒரு தடவை அரைக்கலாம். 0.75-தான் கடைசி என்றால், அடுத்த முறை கிராங்கையே மாற்ற வேண்டும். புதுக் கிராங்கின் விலையை விசாரித்து, அதைக் கழித்துவிட்டு டிராக்டரின் விலையைப் பேசுங்கள். அந்த விலைக்குப் படியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எங்கள் கிணற்றடிக் கதை

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம். நெல் பால் பிடிக்கும் சமயத்தில் எங்கள் ஆயில் எஞ்சின் வேலைக்குப் போனது. பட்டறையில் கிராங்கை 0.50 அரைத்தார்கள், எண் அடிக்கவில்லை. அவசரத்தில் மாட்டப்பட்டது 0.25 பேரிங். பேரிங்குக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். எங்கள் எஞ்சினில் அதற்கு மேல் கால் மில்லிமீட்டர் கூடிப்போனது. ஆயில் நிற்காமல் வழிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பித்து, விடிவதற்குள் கன்ராடு முறிந்தது.

கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது, இறைக்க வழியில்லை. அந்தப் போகத்தில் பாதிக்கு மேல் பதர். அப்பா யாரையும் திட்டவில்லை. உடைந்த பேரிங்கை மாடக்குழியில் எடுத்து வைத்தார். ரொம்ப நாள் அது அங்கேயே இருந்தது. அதன் முதுகில் 0.25 என்ற எண் தெளிவாக இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் படித்திருந்தால் போதும்.

பட்டறைக்குப் போகும்முன் குறித்துக்கொள்ளுங்கள்

* அரைப்பதற்கு முன், அந்த அளவு பேரிங் கடையில் கிடைக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

* பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகு சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். ரிங் செட்டும் அதே அளவாக இருக்க வேண்டும்.

* அரைத்த அளவைக் கிராங்கில் அடிக்கச் சொல்லுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

* மாட்டும்போது உடனிருங்கள். பேரிங் முதுகிலுள்ள எண்ணும் கிராங்கிலுள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் செல்போனில் படமெடுத்து வையுங்கள்.

* கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தடவை அதுதான் சாட்சி.