அறுவடைக் காசு கரைவதற்குள்

மேற்குக் கென்யாவின் பூசியா வட்டாரத்தில் மக்காச்சோளம்தான் சோறு. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் தூருக்கு அரைத் தேக்கரண்டி மேலுரம் வைத்தால், போட்ட காசு அந்தப் பருவத்திலேயே சராசரியாக 36 சதவீத லாபத்தோடு திரும்புகிறது. பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர், ஜொனாதன் ராபின்சன் மூவரும் விவசாயிகளின் சொந்த வயலிலேயே உரமிட்டு அளந்து பார்த்த கணக்கு இது.

வயலில் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவர்களிடம், அடுத்த பருவத்துக்கு உரம் வைப்பீர்களா என்று கேட்டார்கள். 100க்கு 97 பேருக்கு மேல் வைப்பதாகச் சொன்னார்கள். வைத்தவர்களோ சுமார் 37 பேர்.

கேட்டால், பெரும்பாலோர் சொன்ன பதில் ‘கையில் காசில்லை’. பொய்யல்ல, மேலுரம் வைக்கும் நாளில் உண்மையிலேயே காசில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன், அறுவடை முடிந்தபோது இருந்தது. உரமும் மூட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, கிலோ கணக்கில் கிடைத்தது. அதற்காகக் கடைத்தெரு வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான். உரம் இப்போதே வேண்டாமே, அடுத்த வாரம் போனால் ஆகாதா? வாரங்கள் ஓடின. காசும் ஆளுக்கு முன்னே ஓடிவிட்டது.

மூவரும் அறிவுரை வகுப்பு நடத்தவில்லை. அறுவடை முடிந்த கையோடு ஒரு பணியாளரை வீட்டுக்கே அனுப்பினார்கள். இப்போதே உரத்துக்குப் பணம் கட்டினால், தேவைப்படும் நாளில் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவோம் என்பதுதான் பேச்சு. விலையில் ஒரு காசு தள்ளுபடி இல்லை. உரம் போட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானார்கள். வீட்டில் இலவசமாகக் கொண்டுவந்து இறக்கும் இதே வசதியை மேலுரம் வைக்கும் சமயத்தில் அறிவித்தபோது பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த நேரத்தில் இதற்கு ஈடான பலன் வேண்டுமென்றால் பாதி விலை மானியம் தர வேண்டியிருந்தது! மானியக் கோப்புகளில் கையெழுத்திடுவோர் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. டுஃப்லோவும் கிரேமரும் 2019இல் அபிஜித் பானர்ஜியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தன் பலவீனம் தெரிந்தவர் தனக்குத் தானே கடிவாளம் கேட்பதும் உண்டு. சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளர்களிடம் பொருளாதார அறிஞர் ஃபிராங்க் ஷில்பாக் மூன்று வாரம் நடத்திய ஆய்வில் அது தெரிந்தது. தினமும் வந்து, மூச்சில் மதுவை அளக்கும் கருவியில் ஊத வேண்டும். குடிக்காமல் வந்தால் 120 ரூபாய், குடித்திருந்தால் 60. இந்த நிபந்தனைப் பணத்துக்காக, எப்படி வந்தாலும் கிடைக்கும் பணத்தை விட்டுக்கொடுக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் தயாராக இருந்தார்கள். அவர்கள் இழக்கத் துணிந்தது தினசரி வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்த ஊக்கத்தொகை கிடைத்தவர்களிடம் பகல் குடி குறைந்தது, சேமிப்பு சுமார் 60 சதவீதம் உயர்ந்தது. சாராயச் செலவு மிச்சமானதையும் வருமானம் மாறியதையும் கணக்கில் சேர்த்தாலும், அந்த உயர்வில் பாதிக்கு மேல் விளக்க முடியவில்லை. மீதி, தெளிந்த தலையோடு எடுத்த முடிவுகளால் வந்தது என்கிறார் ஷில்பாக்.