இரு சமோவாக்கள்: 1918 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும் ஆட்சியின் பொறுப்பும்

கொள்ளைநோய்களை இயற்கையின் சீற்றம் எனக் கூறி அமைதி கொள்ளும் மனப்பான்மை நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. நோய்க்கிருமி இயற்கையைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது எவ்வழியாக வந்தது, எவரை அழித்தது, எவரைத் தீண்டாது விட்டது என்னும் வினாக்கள் சமூக வரலாற்றுக்குரியவை. இவ்வினாக்களுக்கு விடைகாண 1918 ஆம் ஆண்டின் சமோவாத் தீவுகளைப் போன்று தெளிவான களம் பிறிதொன்று கிடைப்பது அரிது எனலாம்.

தென் பசிபிக்கில் அமைந்த சமோவாத் தீவுகளில் வாழும் மக்கள் ஒரே மொழியினர். ஒரே குல மரபினர். மாத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர்களின் அவையே அவர்தம் கிராமங்களை வழிநடத்தியது. இம்மக்களை வல்லரசுகளின் பேரம் இரண்டாகப் பிரித்தது. 1899 இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி மேற்குத் தீவுகள் ஜேர்மனிக்கும் கிழக்குத் தீவுகள் அமெரிக்காவுக்கும் பங்கிடப்பட்டன. முதலாம் உலகப் போர் மூண்டதும், 1914 ஓகஸ்ட் மாதத்தில், நியூசிலாந்துப் படைகள் மேற்குச் சமோவாவைக் கைப்பற்றின. கேணல் ரொபேர்ட் லோகன் அதன் நிருவாகியானார். கிழக்குச் சமோவா அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியில் தொடர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் ஜோன் போயர் அதன் ஆளுநராக இருந்தார்.

1918 ஒக்டோபர் 30 ஆந் திகதி டலூன் என்னும் கப்பல் ஒக்லாந்திலிருந்து புறப்பட்டது. அந்நகரில் இன்புளுவென்சா அப்பொழுதே பரவிக்கொண்டிருந்தது. எனினும் அது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக அன்று இருக்கவில்லை. ஆதலாற் கப்பலுக்கு நோயற்றது என்னும் சான்றிதழ் தடையின்றிக் கிடைத்தது. வழியிற் பீஜியில் அக்கப்பல் தொற்றுத் தடைகாப்புக்கு உட்படுத்தப்பட்டது. ஆனால் நவம்பர் 7 ஆந் திகதி அது அப்பியாத் துறைமுகத்தை அடைந்தபோது நோயுற்ற பயணிகள் உட்பட அனைவரும் கரையிறங்க அனுமதிக்கப்பட்டனர். ஒக்லாந்தின் நிலைமை பற்றிய எச்சரிக்கை எதுவும் அப்பியாவை முன்கூட்டி எட்டவில்லை.

இதன் விளைவு சில வாரங்களிற் புலனாயிற்று. ஏறத்தாழ 38,000 மக்கள் வாழ்ந்த மேற்குச் சமோவாவில் சுமார் 8,500 பேர் மாண்டனர். ஐவருள் ஒருவருக்கு மேல் மறைந்தனர் என்பதே இதன் பொருள். அந்நோய் முதியோரையும் குழந்தைகளையும் விட உழைக்கும் வயதினரையே பெரிதும் தாக்கியது. வளர்ந்த ஆண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவர் இறந்தனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. தோட்டத்திற் பயிர் செய்வோரும் உணவு சமைப்போரும் ஒரே வேளையிற் படுக்கையில் வீழ்ந்தமையால் நோய்க்குத் தப்பியோரும் பட்டினியால் நலிந்தனர். மாத்தாய்களும் போதகர்களும் பெருந்தொகையாக மறைந்தமை குலமரபையும் வாய்மொழி அறிவையும் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தும் சங்கிலியையே அறுத்தது.

அண்டையிலிருந்த அமெரிக்கச் சமோவாவில் அந்நோயால் ஒருவரேனும் இறக்கவில்லை. போயர் வானொலிச் செய்திகள் வாயிலாக நோயின் பரவலை அறிந்தார்; மேற்குத் தீவுகளிலிருந்து வரும் படகுகளைத் தடுத்தார்; வந்தோரைத் தனிமைப்படுத்தினார். அவரது ஆணையை நடைமுறைப்படுத்தியவர்கள் கடற்படையினர் மாத்திரமல்லர். கிராமத்தவரே கரையோரமெங்கும் காவலிருந்து உறவினரின் படகுகளையும் திருப்பியனுப்பினர். இக்கட்டுப்பாடு 1920 ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இவ்விடத்தில் ஓர் எளிய முடிவுக்கு வந்துவிடாமலிருத்தல் அவசியம். அமெரிக்க ஆட்சி நல்லாட்சி, நியூசிலாந்து ஆட்சி தீய ஆட்சி என்று கூறுவது வரலாறாகாது. இரண்டுமே மக்களின் இசைவைப் பெறாத குடியேற்ற ஆட்சிகள்; இரண்டுமே படைத்துறை அதிகாரிகளால் நடத்தப்பட்டவை. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து எவரிடமும் இருக்கவில்லை. ஆதலால் மருத்துவ அறிவின் ஏற்றத்தாழ்வும் வேறுபாட்டை விளக்கப் போதாது. ஓரிடத்திற் செய்தி தேடப்பட்டது. நோய் வருமுன் முடிவு எடுக்கப்பட்டது. கிராம அமைப்பு காப்பின் கருவியாயிற்று. மற்றைய இடத்திற் சான்றிதழின் சொல்லே உண்மையாகக் கொள்ளப்பட்டது. நோய் பரவிய பின்னரும் நிருவாகம் அசையவில்லை. பாகோ பாகோவிலிருந்து போயர் வழங்க முன்வந்த மருத்துவ உதவி ஏற்கப்படவில்லை. அத்துறைமுகத்துடனான வானொலித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. இறுதியில் உதவி அவுஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. நவம்பர் 24 ஆந் திகதி சிட்னியிலிருந்து புறப்பட்ட என்கவுன்ரர் என்னும் போர்க்கப்பல் டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவக் குழுவினரை அப்பியாவிற் சேர்த்தது. அதற்குள் மாண்டோர் மாண்டுவிட்டனர்.

எனவே வேறுபாட்டின் வேரை ஆட்சியாளரின் குணவியல்பில் மாத்திரம் தேடுதல் பொருந்தாது. போயரைப் போன்ற ஒருவர் வாய்த்தமை கிழக்கிலிருந்தோருக்குக் கிட்டிய நற்பேறு. தம் உயிரைக் காக்கும் முடிவை எடுக்கவோ, எடுக்கத் தவறியவரை அகற்றவோ இரு தீவினருக்கும் உரிமை இருக்கவில்லை. ஓர் அதிகாரியின் விழிப்பிலோ அசட்டையிலோ ஓர் இனத்தின் இருப்பே தங்கியிருத்தல் குடியேற்ற ஆட்சியின் உள்ளார்ந்த இயல்பாகும்.

1919 இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு நிருவாகத்தின் கவனக்குறைவையும் தவறான தீர்மானங்களையும் சுட்டிக்காட்டியது. ஆயினும் நியூசிலாந்தின் ஆட்சி நீங்கவில்லை. 1920 இல் அது சர்வதேச சங்கத்தின் பொறுப்பாணையாக உறுதிபெற்றது. மக்கள் இதனை மறக்கவில்லை. 1920 களின் பிற்பகுதியில் எழுந்த மௌ இயக்கத்தின் எதிர்ப்புணர்வுக்குக் கொள்ளைநோயின் நினைவு ஆழ்ந்த உரமாயிற்று. அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஒலாவ் நெல்சன் அந்நோய்க்குத் தம் நெருங்கிய உறவினர் பலரைப் பறிகொடுத்தவர். 1929 டிசம்பர் 28 ஆந் திகதி அப்பியாவில் நிராயுதபாணிகளாக ஊர்வலம் சென்ற மக்கள்மீது பொலிசார் சுட்டதில் இயக்கத் தலைவர் துப்புவா தமசேசே லெயலோபி உட்படப் பலர் உயிரிழந்தனர். 1962 இல் மேற்குச் சமோவா விடுதலை பெற்றது. 2002 இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் இவ்விரு நிகழ்ச்சிகளுக்காகவும் மன்னிப்புக் கோரினார்.

விடுதலை மாத்திரம் போதுமானதா என்னும் வினாவையும் வரலாறு எழுப்பியுள்ளது. 2018 இல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்தமையால் இரு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் இடைநிறுத்தப்பட்டது. மக்களின் நம்பிக்கை குலைந்தது. 2019 இல் சின்னமுத்து நோய் பரவியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைக் கொண்ட அந்நாட்டில் 83 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். அரசு டிசம்பர் மாதத்தில் இரு நாட்கள் அலுவலகங்களை மூடி ஊழியரை வீடுவீடாக அனுப்பியது. தடுப்பூசி பெறாதோர் உள்ள வீடுகள் வாயிலிற் சிவப்புத் துணியைக் கட்டுமாறு கேட்கப்பட்டன, மக்களும் கட்டினர். தடுப்பூசி பெற்றோர் தொகை விரைந்து உயர, நோய் தணிந்தது.

1918 இற் கரையோரக் காவலிருந்த கிழக்குத் தீவினரும் 2019 இற் சிவப்புத் துணி கட்டிய மேற்குத் தீவினரும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றனர். பொதுச் சுகாதாரம் மருத்துவமனையிலோ அரசாணையிலோ மாத்திரம் தங்கியிருப்பதன்று. உண்மைச் செய்தியை மறைக்காத ஆட்சியும், அவ்வாட்சியை வினவும் உரிமை கொண்ட மக்களும், இருசாராரையும் பிணைக்கும் நம்பிக்கையும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. இந்நம்பிக்கையை நோய் வந்த பின்னர் அவசர அவசரமாகத் தேடுதல் இயலாது. நோயற்ற நாட்களிலேயே அது வளர்க்கப்படுதல் வேண்டும். வளங்குறைந்த சிறிய நாடுகளுக்கு இதனினும் உறுதியான அரண் பிறிதில்லை என்பதே நமது துணிபு.