மென்கடதாசியும் தொல்வனமும்

ஒரு பொருளின் பெறுமதி அதன் பயனால் மட்டும் அளக்கப்படுவதன்று. அதனை ஆக்குதற்கு இயற்கை செலவிட்ட காலமும் கணிக்கப்படல் வேண்டும். முகமுங் கையுந் துடைத்தபின் அக்கணமே குப்பையிற் சேரும் மென்கடதாசி இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

முதலாம் உலகப் போரின்போது காயங்களுக்கு இடும் பஞ்சு போதாதாயிற்று. அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து அதற்கு மாற்றுப் பொருளொன்றை ஆக்கி உதவியது. போர் முடிந்தபின் அப்பொருளுக்கு வேறு பயன் தேடப்பட்டது. 1924ஆம் ஆண்டில் ‘கிளினெக்ஸ்’ என்னும் பெயருடன், பெண்டிர் முகப்பூச்சை அகற்றுதற்குரிய தாள் விற்பனைக்கு வந்தது. வாங்கியோர் பலர் அதனை மூக்குத் துடைக்கவே பயன்படுத்தினர். நிறுவனமும் 1930 அளவில் அதனைக் கைக்குட்டைக்கு மாற்றாக விளம்பரஞ் செய்யலாயிற்று. துவைத்துப் பேணும் துணியின் இடத்தை எறிந்துவிடுந் தாள் பெற்றது இவ்வாறேயாம்.

மென்கடதாசிக்கு இருவகை நார்கள் பயன்படும். அகன்ற இலை மரங்களின் குறுநார் மென்மையையும், ஊசியிலை மரங்களின் நெடுநார் வலிமையையுந் தருவன. இந்நெடுநாருக்குப் பெயர்பெற்றவை கனடாவின் வடபுலக் காடுகள். அவற்றின் மண்ணிலும் சதுப்பு நிலத்திலும் பெருந்தொகையான கரி அடங்கிக் கிடக்கின்றது. அங்கு வாழும் கரிபு என்னும் மானினம் மாரியில் இலைக்கனை உண்டு உயிர்வாழ்வது. இலைக்கனோ முதிர்ந்த காட்டிலேயே செழிப்பது.

மரமறுக்கும் ஆலைகளின் கழிவுச் சிராய்களும் கூழாகின்றன என்றும், வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் நடப்படுகின்றது என்றும் ஆலையார் கூறுவர். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் நட்ட மரங்கள் சில ஆண்டுகளில் தொல்வனமாகிவிடா. இலைக்கன் படர்ந்து கரிபு மீளுதற்குப் பல பதிற்றாண்டுகள் செல்லும்.

இதுபற்றி எழுந்த பூசல்களுள் குறிப்பிடத்தக்கது, 2004ஆம் ஆண்டில் கிறீன்பீஸ் இயக்கம் மேற்கூறிய நிறுவனத்துக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சியாகும். ஒன்ராறியோ மாகாணத்துக் கெனோகமிக் காடு அதில் முதன்மையாகப் பேசப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஓகஸ்டில் இரு சாராரும் இணங்கினர். வட அமெரிக்காவில் ஆக்கும் மென்கடதாசிக்குரிய நாரில் 40 சதவீதத்தை, 2011 முடிவதற்குள், பழங்கடதாசியிலிருந்தோ முறையாகப் பேணப்படுவதாகச் சான்று பெற்ற காடுகளிலிருந்தோ பெறுவதென நிறுவனம் உடன்பட்டது.

இவ்விணக்கத்தின் அடிப்படை எளிதில் விளங்கும். கடதாசி மீண்டும் கூழாக்கப்படுந்தோறும் அதன் நார் குறுகித் தேயும். எழுதுதாளாகவும் செய்தித்தாளாகவும் உழைத்துத் தேய்ந்த நார் இறுதியில் மென்கடதாசியாதல் முறையாகும்; ஏனெனில் அதன்பின் அதற்கு மறுபிறவியில்லை. அக்கடைசிப் பிறவியையே முதற்பிறவியாக்கி, நூறாண்டு வளர்ந்த மரத்தை ஒரு நொடிப் பயனுக்கு ஈடாக்குவதே தவறு. மென்கடதாசியை முற்றாக விலக்குதல் எல்லோர்க்கும் இயலாதிருக்கலாம். அதனை எந்நாரினால் ஆக்குவதென்பதும், துணி போதிய இடத்திலும் அது வேண்டுமோவென்பதும் மனிதரின் தெரிவுக்கு உட்பட்டனவேயாகும்.