காரைக்கால் சிறு நிறுவனங்களில் பணியாளர் உடல்நலப் பேணல்

காரைக்கால் சிறு நிறுவனங்களில் பணியாளர் உடல்நலப் பேணல் என்பது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் சில பேர் முதல் சில பத்துப் பேர் வரை வேலை செய்யும் கடைகள், பட்டறைகள், அரிசி ஆலைகள், ஐஸ் பிளாண்டுகள், உணவகங்கள், விடுதிகள் போன்றவை தம் பணியாளர்களின் நலத்தைக் குறைந்த செலவில் காக்கக்கூடிய வழிகளைக் குறிக்கும். இத்தகைய இடங்களில் தனி மருத்துவரோ மனிதவளத் துறையோ இருப்பது அரிது. ஒருவர் படுத்துவிட்டால் அவர் வீட்டில் வருமானம் நிற்கும். கடையிலும் வேலை நிற்கும்.

பின்னணி

காரைக்கால், புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில், காவிரிக் கழிமுகக் கடற்கரையில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்துள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம். மீன்பிடி, வேளாண்மை, துறைமுகம் ஆகியவற்றைச் சார்ந்த தொழில்களும், திருநள்ளாறு கோயிலுக்கு வருவோரை நம்பிய கடைகளும் விடுதிகளும் இங்கு உள்ளன.

பிரெஞ்சிந்தியாவில் தொழிலாளர் நலச் சட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தனர். இதைத் தொடர்ந்து 1937இல் வெளியான ஆணை எட்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்தது. வேலை நேரத்தை வரையறுப்பதே உடல்நலப் பேணலின் முதல் படி என்பதை அப்போராட்டம் காட்டியது.

தொழிலாளர் காப்பீடு (இ.எஸ்.ஐ.)

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான முழுமையான பாதுகாப்பு ஆகும். பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை முதலாளியும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர்.

எடுத்துக்காட்டாக, 15,000 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு முதலாளியின் பங்கு ஏறத்தாழ 488 ரூபாய். தொழிலாளியின் பங்கு 113 ரூபாய். இதற்குக் கிடைப்பவை:

• தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவச் சிகிச்சை.
• நோய்விடுப்பில் ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்குத்தொகை செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.
• வேலையில் காயம்பட்டுத் தற்காலிகமாக இயங்க முடியாதபோது ஊதியத்தின் 90 விழுக்காடு. இதற்கு முன்பங்களிப்புக் கட்டாயமில்லை.
• 26 வாரப் பேறுகால உதவி.

பங்குத்தொகை ஒழுங்காகக் கட்டப்படாவிட்டால் நோயுற்ற நேரத்தில் தொழிலாளியே தவிக்க நேரிடும். உண்மையான ஊதியத்தைக் குறைத்துக் காட்டினாலும் உதவித்தொகை அதே அளவில் குறையும்.

பத்துக்கும் குறைவானோர் உள்ள இடங்கள்

ஐந்து பேர் உள்ள பட்டறையோ மூவர் உள்ள துணிக்கடையோ பெரும்பாலும் இந்தக் கட்டாய வரம்புக்கு வெளியே நிற்கும். இங்கு வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் அரசுக் காப்பீடுகள் கைகொடுக்கும். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயதினர் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் உண்டு. ஐந்து பேருக்கு இரண்டையும் முதலாளியே கட்டினாலும் ஆண்டுச் செலவு 2,280 ரூபாய்தான். எனினும் இவை மருத்துவச் செலவை ஈடுசெய்வதில்லை. மருத்துவமனைச் சிகிச்சைக்கு, தகுதியுள்ள குடும்பங்கள் ஆயுஷ்மான் பாரத் அட்டை பெற உதவலாம். அதில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு.

வெயிலும் குடிநீரும்

கடற்கரையில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. 2025இல் உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, ஈரக்கோள வெப்பக் குறியீடு 20 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் வேலைத்திறன் 2 முதல் 3 விழுக்காடு குறைவதாகக் கூறுகிறது. ஆகவே தண்ணீரும் நிழலும் முதலாளிக்கும் இலாபமே.

• 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.
• கோடையில் சுமை ஏற்றி இறக்கும் வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்தல்.
• புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தந்து, நாளுக்கு நாள் கூட்டுதல்.
• வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கொடுக்க உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். அவை இல்லையெனில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைக்கலாம்.

ஒருவர் குழறிப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு ஆகலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் நீர் ஊற்றி விசிறியபடி 108 ஐ அழைக்க வேண்டும்.

இருக்கை

நாள் முழுவதும் நின்றே வேலை செய்வோருக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருள், இடுப்புவலி ஆகியவை வருகின்றன. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதியைச் சட்டமாக்கின. தமிழ்நாட்டுச் சட்டம் காரைக்காலுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு முக்காலி போடச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பரிசோதனையும் மனநலமும்

30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு நலவாழ்வு மையங்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனை இலவசம். இரண்டும் தொடக்கத்தில் அறிகுறி காட்டாதவை. அரை நாள் ஊதியத்துடன் முறைவைத்து ஆட்களை அனுப்புவதே நிறுவனம் செய்ய வேண்டியது. தொடர்சிகிச்சைக்குக் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. 2016இல் ஜிப்மரின் காரைக்கால் வளாகமும் தொடங்கப்பட்டது. மனநல ஆலோசனைக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பரிசோதனை முடிவு பணியாளருக்கு உரியது. முதலாளி அதைக் கேட்டு வாங்குவதோ வேலைநீக்கத்துக்குப் பயன்படுத்துவதோ கூடாது. வேலைக்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பயனும் வரம்பும்

விலைகொடுத்து வாங்கும் நலத்திட்டங்கள் எல்லாம் பயன் தருவதில்லை. அமெரிக்க மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 பணியாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நலத்திட்டம் நடந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னோர் கூடினர். ஆனால் 18 மாதங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தம் போன்ற அளவீடுகளிலோ மருத்துவச் செலவிலோ விடுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிறு நிறுவனம் முதலில் உறுதிசெய்ய வேண்டியவை அளவான வேலை நேரம், ஒழுங்காகக் கட்டிய காப்பீடு, குடிநீர், கழிப்பறை, இருக்கை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியவையே.